இடது காதில் ராகு

ஆரியசாலையில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வரிசை தெருமுனை வரைக்கும் வந்துவிடும். ரேஷனுக்கு அல்ல. மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில் இருக்கும் நாதசுத்தி பீடத்துக்கு. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு குட்டிப் பெட்டி, அதற்குள் இரண்டு இயர்பட்ஸ். ஒருத்தி பெட்டிக்குக் குங்குமமே வைத்திருந்தாள்.

கீழே மண்டியில் வற்றல் மூட்டையை அவிழ்க்கும்போதெல்லாம் மாடிப்படி முழுக்கத் தும்மல். தும்மினால் தோஷம் கழிகிறது என்று பீடத்தில் சொல்லியிருந்தார்கள். ஆகவே எல்லோரும் பக்தியோடு தும்மினார்கள். தும்மல் வராதவர்கள் கவலைப்பட்டார்கள்.

பீடாதிபதி நாதயோகி மகாராஜா. மகாராஜா என்பது பட்டம் அல்ல, திருநெல்வேலியில் பெற்றோர் வைத்த பெயர். பாதி வேலையை அவர்களே முடித்துக் கொடுத்துவிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன் அவர் தம்பானூரில் மொபைல் கவர் விற்றார். பிறகு கவருக்குள் ஒட்டுகிற கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர் விற்றார். யாரோ ஒருவன் அதை உரித்துப் பார்த்துவிட்டான். உள்ளே சோப்பு உறைக் காகிதம். வியாபாரம் படுத்தது. அப்போதுதான் அவருக்கு ஞானம் பிறந்தது: உரித்துப் பார்க்க முடியாத சரக்கைத்தான் விற்க வேண்டும்.

பீடத்தில் நடப்பது இதுதான். மகாராஜா வந்தவரின் இயர்பட்ஸைத் தன் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். பாட்டுப் போடக் கூடாது. பாட்டில்லாதபோதுதான் கருவியின் ஆத்மா பேசுமாம். ஊரார் காதில் கிடந்ததையெல்லாம் தன் காதில் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. பிறகு தீர்ப்பு: “இடது காதில் ராகு. வலதில் கேது பார்வை.” உடனே போனையும் கேட்டு வாங்குவார், மந்திரம் ஏற்றுவதற்கு. திரைக்குப் பின்னால் ஒன்பது நிமிஷம் ஏதோ ஒரு செப்பு டப்பா குலுங்கும் ஓசை. திரும்பி வந்து போட்டுப் பார்த்தால் பாட்டு கணீரென்று கேட்கும்!

தோஷம் கணிக்க இந்துவிடம் ஜென்ம நட்சத்திரம் கேட்பார். கிறிஸ்தவரிடம் ஞானஸ்நானத் தேதி. எதையும் நம்பாதவர் வந்தால் ஆதார் எண். தட்சிணையை மட்டும் வாய்விட்டுக் கேட்கவே மாட்டார். சுவரில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடு கேட்கும்.

பீடத்துக்கு விளம்பரம் செய்ய ஆள் வைக்கவில்லை. பிச்சுமணி இருந்தார். கரமனை அக்ரஹாரத்துக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தினமும் காலை நடையில் கச்சேரி கேட்பவர். “முந்தி தம்பூரான்னு ஒண்ணு பின்னாடி இருக்கறதே தெரியாது. இப்போ தந்தி தந்தியா விழறது, கேட்டேளா!” என்று வரிசையில் நிற்பவர்களிடம் இலவசமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்த வரிசைக்குத்தான் ஞானையனும் வந்து சேர்ந்தார். நெய்யாற்றின்கரையில் வீடு. விழிஞ்ஞத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு யார்டில் நடந்து நடந்து கன்டெய்னர் எண்களைச் சரிபார்க்கிற வேலை. பஸ்ஸில் போக வர இயர்பட்ஸில் ஞானப்பாட்டு. சில மாதமாக இடது பக்கம் பாட்டு மங்கியது. சத்தத்தைக் கூட்டினார். மறுபடி மங்கியது. மறுபடி கூட்டினார். காதுக்குள் அரிப்பு, லேசான நீர்வடிதல்.

மகாராஜா ஒரே நொடியில் கண்டுபிடித்தார். “உங்க காதில குறை இல்லை. கருவியில சனி. நாற்பத்தெட்டு நாள் இந்தச் செப்பு வளையத்தை இடது காதில் போடுங்க. அதுக்குள்ள டாக்டர்கிட்ட போனா நாதம் முறிஞ்சிடும்.”

ஞானையனின் மனைவி எலிசாள் நகரத்தில் ஒரு காது, மூக்கு, தொண்டை ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்த்தாள். காது கேட்கும் திறனைச் சோதிக்கிற அறையில் பட்டனை அழுத்துகிறவளே அவள்தான். ஊரார் காதையெல்லாம் சோதிப்பவளுக்கு, வீட்டுக்காரரின் காதைச் சோதிக்க ஜாதகம் குறுக்கே நின்றது.

“இஞ்ச பாருங்க, ஒரு நாளு எனக்க கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. செவி பழுத்து சீழு வருது.”

“இன்னும் இருவது நாளு இருக்கு பிள்ளே. இடையில டாக்டரு தொட்டா நாதம் முறியும்னாக்கும் சாமி சொன்னது.”

“நாதமா? நிங்களுக்க செவி முறிஞ்சா யாரு வருவா?”

அந்த வாரம் யார்டில் இடப்பக்கமாகப் பின்னோக்கி வந்த ட்ரெய்லர் பீப், பீப் என்று அலறியது. ஞானையனுக்குக் கேட்கவில்லை. கூட வேலை செய்பவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் ஒரு முழத் தூரத்தில் உயிர் தப்பியது. வீட்டுக்கு வந்து, சாமி போட்ட வளையம்தான் காப்பாற்றியது என்றார். சட்டையை இழுத்த ஆளுக்குப் பாவம், நன்றிகூட இல்லை.

எலிசாள் சண்டை போடவில்லை. கிழிந்த காலரைத் தைத்தாள். தைத்து முடித்ததும், “சனிக்கிழமை நானும் பீடத்துக்கு வாறேன்” என்றாள். ஞானையன் மகிழ்ந்துபோனார்.

சனிக்கிழமை எலிசாள் தன் பையில் மூன்று பெட்டிகள் கொண்டுவந்தாள். முறை வந்ததும் முதல் பெட்டியை நீட்டினாள். மகாராஜா இரண்டையும் காதில் வைத்துக் கண்ணை மூடினார். அறை அமைதியானது. கீழே வற்றல் மூட்டை அவிழ்ந்தது. எல்லோரும் தும்மினார்கள்.

“அழுகிற குரல் கேட்குது தாயே,” என்றார் மகாராஜா. “இடதில் ராகு உக்கிரமா இருக்கான். வலதில் நாதம் இருக்கு, ஆனா மூச்சுத் திணறுது.”

“நல்லா கேக்குதா சாமி? தெளிஞ்சு கேக்குதா?”

“உன் குரலைவிடத் தெளிவா கேட்குது.”

எலிசாள் அதில் ஒன்றைத் திரும்ப வாங்கினாள். ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினாள். இயர்பட் இரண்டு ஓடாகப் பிளந்தது. உள்ளே கம்பி இல்லை, ஸ்பீக்கர் இல்லை, பேட்டரி இல்லை. கனத்துக்கு ஒரு சின்ன இரும்புத் துண்டு.

“எனக்க தம்பி ஷாஜிக்க மொபைல் கடையில கண்ணாடி அலமாரியில காட்சிக்கு வச்சிருந்த டம்மி பீசாக்கும் இது. இதுக்குள்ளயா சாமி ராகு இருந்து அழுதான்?”

யாரோ சிரித்தார்கள். மகாராஜா கலங்கவில்லை. “கல்லுக்கும் மண்ணுக்கும் நாதம் உண்டு தாயே,” என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கு மட்டும் நம் ஜனங்களுக்குப் பயிற்சியே வேண்டியதில்லை.

“எலிசாளே, ஆளுக முன்னால எனக்கு நாணக்கேடு உண்டாக்காத,” என்று ஞானையன் பல்லைக் கடித்தார்.

பிச்சுமணிக்கும் கோபம் வந்துவிட்டது. “பாரும்மா, நான் என் காதால கேட்டேன். தம்பூரா விழுந்தது. அதுவும் பொய்யா?”

“நிங்க கேட்டது பொய்யின்னு சொல்லல்ல சார். என்னத்த கேட்டியன்னு பாப்போம். எங்க ஆஸ்பத்திரி அறையில ஆள அந்தப் பக்கம் திருப்பி உக்கார வச்சிட்டுதான் சத்தம் விடுவோம். நான் பட்டன அழுத்துதத பாத்தா, சத்தமே வராட்டாலும் ஆளுக கைய தூக்கிருவினும். கண்ணும் மனசும் சேந்தாக்கும் செவிய ஏமாத்துது.”

மீதி இரண்டு பெட்டிகளும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், அன்று காலை ஆரியசாலைக் கடையில் வாங்கியவை. ஒன்றை மகாராஜா எல்லோர் எதிரிலும் சுத்தி செய்தார். திரைக்குப் பின்னால் கொண்டுபோக எலிசாள் விடவில்லை, போனையும் கொடுக்கவில்லை. மந்திரம் முழுசாகவே ஓதப்பட்டது. பிச்சுமணியின் கண்ணில் துண்டைக் கட்டினார்கள். ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி, தலை விழுந்தால் சுத்தி செய்தது, பூ விழுந்தால் செய்யாதது என்று எலிசாள் மாற்றி மாற்றி அவர் காதில் வைத்தாள். ஒரே பாட்டு, ஒரே சத்தம். பதில்களை ஞானையனே எழுதினார்.

“பேஷ்! இதுதான் சுத்தி ஆனது. மிருதங்கம் என்னமா விழறது!” என்றார் பிச்சுமணி. காதில் இருந்தது சுத்தி செய்யாதது.

“இது தட்டையா இருக்கு. பழசு.” அதுதான் சுத்தி ஆனது.

பத்து முறை முடிந்தது. சரியானது நான்கு. கண்ணை மூடி நாணயத்தையே கேட்டிருந்தால்கூட ஐந்து தேறியிருக்கும். பிச்சுமணி துண்டை அவிழ்த்துவிட்டு ஞானையனின் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். “அப்போ அன்னிக்கு எனக்கு நன்னாக் கேட்டதே, அது என்ன?” என்றார். குரல் இறங்கியிருந்தது.

எலிசாள் வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் பழைய இயர்பட்ஸை வாங்கி, உலர்ந்த பிரஷ்ஷால் சத்தம் வருகிற வலையைத் தேய்த்து வெள்ளைக் காகிதத்தில் தட்டினாள். மஞ்சளாக உதிர்ந்தது. அந்தப் பெண் போட்டுக்கொண்டு, “அய்யோ! சத்தம் கூடியல்லோ!” என்று கத்தினாள். மந்திரம் ஒரு எழுத்துகூடச் சொல்லவில்லை. பிறகு பிச்சுமணியின் போனை வாங்கி ஒலி அமைப்பைத் திறந்து காட்டினாள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கோடுகளெல்லாம் உச்சத்தில் நின்றன. மகாராஜா போனில் ஏற்றிய மந்திரம் அதுதான்.

இதற்குள் யாரோ திரையை விலக்கிவிட்டார்கள். பின்னால் யாககுண்டம் இல்லை. ஒரு டூத்பிரஷ், ஒரு ஸ்பிரிட் பாட்டில், ஒரு கட்டுப் பஞ்சு. இத்தனை நாளாக ஜனங்கள் மாடியேறி வந்து கும்பிட்டது தங்கள் காதழுக்கைத்தான்.

“ஏட்டி, எம் பொழப்பக் கெடுக்கவா வந்த?” மகாராஜாவின் நாக்கிலிருந்து யோகி இறங்கிப்போய்த் திருநெல்வேலி ஏறிக்கொண்டது.

ஞானையன் எழுந்து முன்னால் வந்தார். செப்பு வளையத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “சாமி, அப்ப எனக்க செவி?”

“நான் இயர்பட்ஸுக்குத்தானவே பரிகாரம் சொன்னேன்? உம்ம காதுக்கு நானா பொறுப்பு?”

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரைக் கும்பிடலாம். அவர் அங்கே சொன்ன ஒரே உண்மை அது.

திங்கட்கிழமை ஞானையன் அந்தப் பரிசோதனை அறையில் மனைவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எலிசாள் பட்டனை அழுத்தினாள். வலது பக்கம் கை உடனுக்குடன் உயர்ந்தது. இடது பக்கம் அழுத்தினாள். கை உயரவில்லை. சத்தத்தைக் கூட்டினாள். உயரவில்லை. இன்னும் கூட்டினாள். அந்தக் கை தொடைமேல் அப்படியே கிடந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கூட்டினாள்.

உள்ளே பூஞ்சை பிடித்து, சீழ் கட்டி, செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தது. மருந்து, பிறகு ஒரு சின்ன அறுவை சிகிச்சை. முக்கால்வாசி கேட்கும் திறன் திரும்பியது. “ஒரு மாசம் முந்தி வந்திருந்தா முழுசும் கிடைச்சிருக்கும்,” என்றார் டாக்டர். போன கால்வாசிக்கு எந்த நட்சத்திரமும் பொறுப்பேற்கவில்லை. ஞானையன் யார்டில் சட்டையைப் பிடித்து இழுத்தவரை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட அழைத்தார்.

மகாராஜா கொல்லத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கே இப்போது ஸ்மார்ட் வாட்சுக்கு நாடி பார்க்கிறாராம்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நம் ஜனங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் வந்திருக்கும். ஒரு புதன்கிழமை எலிசாள் அறைக்கதவைத் திறந்தாள். வராந்தாவில் பதினொரு பேர் வரிசையாக நின்றார்கள். கையில் குட்டிப் பெட்டிகள். முதல் ஆள் பிச்சுமணி.

“புதுசா ஒண்ணு வாங்கினேன்மா. உன் கை ராசியான கை. ஒரு தடவை தொட்டுக் குடுத்துடு, போறும்.”

எலிசாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“சார், பஸ்ஸில போவும்போ செவியில நிக்குதா, போன்ல பேசினா மறுபக்கம் கேக்குதா, போட்டிருந்தாலும் கண்டக்டரு கூப்பிடுதது தெரியுதா, இத பாத்து வாங்கினா போதும். சத்தத்த பாதிக்கு மேல வைக்காதீங்க. வாரத்துக்கு ஒருக்கா துடைங்க. இதுக்கு எனக்க கையும் வேண்டாம், சாமிக்க கையும் வேண்டாம்.”

யாரும் நகரவில்லை. பின்னால் நின்ற ஒருவர் பணிவாகக் கேட்டார்: “எந்தக் கிழமையில துடைக்கணும் அம்மா?”

எலிசாளுக்குப் பொறுமை போயிற்று. “ரெண்டு செவிக்கும் நடுவில ஒரு சாமான் இருக்கில்லா? அத எல்லாக் கிழமையும் சார்ஜ் போடுங்க!” என்று கதவைச் சாத்தினாள்.