செக்கிங் சாரும் 304-ம் அறையும்

“பெயர் தவறு. மீண்டும் முயலவும்” என்றது லேப்டாப்.

செக்கிங் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் பெயரை மறுபடியும் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ஐம்பத்து மூன்று வருஷமாக அவருக்கு இருக்கிற ஒரே பெயர் அது. அதைப் போய்த் தவறு என்கிறது ஒரு ஓட்டல் வைஃபை! என்ன திமிர்!

பம்பு செய்யும் கம்பெனியில் தரம் பார்ப்பது அவர் வேலை. எதையும் மூன்று தடவை பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். அதனால் அவரைச் ‘செக்கிங் சார்’ என்று கூப்பிட ஆரம்பித்து, சொந்தப் பெயரே அங்கே பலருக்கு மறந்துவிட்டது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்து இப்போதுதான் மனைவியோடு முதல் வெளிநாட்டுப் பயணம். டிக்கெட், விசா, ஓட்டல் என்று எல்லாவற்றுக்கும் மனைவிதான் நாயாய் அலைந்தாள். சார் பெட்டி தூக்கினார். பெட்டியோடு லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்ததுதான் வினை.

இன்று இந்த ஊர் நேரப்படி மாலை ஐந்துக்குள் அவருடைய நாற்பது பக்க ரிப்போர்ட் மேனேஜருக்குப் போயாக வேண்டும். போனால், ஆறு வருஷமாகக் காத்திருக்கிற பிரிவுத் தலைவர் பதவி அவருக்கு. போகாவிட்டால் பக்கத்து மேஜைக்காரருக்கு. அந்த மனுஷன் தன் ரிப்போர்ட்டை முந்தாநாளே அனுப்பிவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

வைஃபை கேட்டதோ இரண்டே விஷயம். அறை எண், விருந்தாளியின் பெயர்.

ஃபோனில் அக்காவோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்த மனைவி பேச்சை முடித்துவிட்டுத் திரும்பினாள். “ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா?”

“கொஞ்சம் சும்மா இரு. இது டெக்னிக்கல் சமாசாரம்.”

இனிஷியலை முன்னால் போட்டார். தவறு. பின்னால் போட்டார். தவறு. புள்ளியை எடுத்துவிட்டுப் போட்டார். “ஐந்து முறை தவறு. ஒரு மணி நேரம் கழித்து வரவும்” என்று கதவைச் சாத்திக்கொண்டது திரை.

லேப்டாப்பைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு சார் கீழே இறங்கினார். மனைவியும் பின்னாலேயே வந்தாள். நல்லவேளை, வரவேற்பில் இருந்த பெண் நம் பாஷை பேசினாள். ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்த ஊர்தான்.

“குடும்பப் பேர் போட்டுப் பார்த்தீங்களா சார்?”

“குடும்பம் இருக்கும்மா. குடும்பப் பேர் இல்லை. அப்பா பேரோட முதல் எழுத்து இருக்கு, வேணுமா?”

பெண் குழம்பிப்போய்த் தன் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். “சார், 304-க்கு இங்க என்ன இருக்குன்னா...”

“எங்கப்பா பேர் இருக்கும். பாஸ்போர்ட்ல அப்படித்தான் இருக்கு.”

“அது இல்ல சார்...”

“என் பேர் எனக்குத் தெரியாதாம்மா? நீ அந்தப் பூட்டை மட்டும் எடுத்துவிடு.”

பெண் மனைவியைப் பார்த்தாள். மனைவி சிரித்தாள். “விடும்மா. அவரே கண்டுபிடிச்சுடுவார்.”

செக்கிங் சாருக்கு உள்ளூர ஒரே பெருமை. இருபத்தாறு வருஷத்தில் இவள் வாயால் இப்படி ஒரு நல்ல வார்த்தை கேட்டதே இல்லை. அந்தத் தெம்பில் அப்பா பெயரைத் தட்டினார். தவறு. தாத்தா பெயரைத் தட்டினார். அதுவும் தவறு.

“ஏங்க, இப்பவாவது நான் சொல்றதை...”

“அப்புறம் சொல்லு. முதல்ல நெட்டு. குன்று மேல ஒரு லைப்ரரி இருக்குன்னு இங்க மேப்புல படம் போட்டிருக்கான். அங்க கண்டிப்பா இருக்கும், வா.”

மனைவி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு அறைக்குப் போய்த் தன் ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

குன்றுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். உச்சியில் நின்றால் ஊர் முழுக்கத் தெரிந்தது. சிவப்புக் கூரைகளும், தூரத்தில் ஏரியும், அதில் படகுகளும்.

“அடேயப்பா! எவ்வளவு அழகா இருக்கு பாருங்க!”

“வைஃபை நாலு கோடு காட்டுது” என்றார் சார், திரையைப் பார்த்தபடி.

நாலு கோடு காட்டி என்ன பிரயோஜனம்? லைப்ரரிக்குள் போனால், உள்ளூர் ஃபோன் நம்பருக்கு ஒரு ரகசிய எண் அனுப்புவார்களாம், அதைப் போட்டால்தான் திறக்குமாம். சாருடைய ஃபோனில் இருந்தது நம்மூர் சிம். அதில் நெட்டு கிடையாது, கால் மட்டும் வரும். அந்தக் காலும் சரியாக அப்போதுதான் வந்தது. ஊசி விழுந்தால் கேட்கும் லைப்ரரியில், நாதஸ்வரமும் தவிலுமாக ஃபோன் அலறியது.

“யோவ், ரிப்போர்ட் எங்கய்யா?” என்றார் மேனேஜர்.

“சார், அது பேர்ல ஒரு சின்னச் சிக்கல்...”

“யார் பேர்ல?”

“என் பேர்லதான் சார்!”

அதற்குள் லைப்ரரி அம்மாள் வந்து வாசலைச் சுட்டிக்காட்டிவிட்டாள். அதைப் புரிந்துகொள்ள எந்தப் பாஷையும் தேவைப்படவில்லை.

உள்ளூர் நம்பர்தானே வேண்டும், சிம்மே வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தார். சிம் கடை ஏரிக்கு அக்கரையில் இருந்தது. படகில் போனார்கள். மனைவி தண்ணீரில் கைவிட்டு அளைந்துகொண்டு வந்தாள். சார் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு சொட்டுத் தெறித்தாலும் படகுக்காரரை முறைத்தார்.

சிம் கிடைத்தது. கடை வாசலில், படகுத்துறைப் பலகை மேலேயே நின்று அதை மாட்டப் பார்த்தார். ஃபோனின் சின்ன ஓட்டையில் குத்த ஊசி இல்லை.

“உன் தோட்டைக் கழட்டிக் கொடு.”

தோட்டின் தண்டால் குத்தினார். சிம் தட்டு வெளியே துள்ளியது. பழைய சிம்மும் துள்ளியது. பலகை இடுக்கில் விழுந்து, ‘டுபுக்’கென்று ஏரிக்குள் போயே போய்விட்டது.

புது சிம்மைப் போட்டார். சிக்னலே வரவில்லை. கடைக்காரரிடம் ஓடினார். கடைக்காரர் கடிகாரத்தைக் காட்டி, சின்ன முள் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றவேண்டும் என்று விரலால் வரைந்தார். அதாவது நாளைக்குத்தான் உயிர் வரும்.

“காலையில நெட்டு மட்டும்தான் இல்லாம இருந்துச்சு. இப்ப ஃபோனும் போச்சு” என்றாள் மனைவி.

சாருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. ஆறு வருஷம்! பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்து இனிமேல் எழுந்து நின்று ‘குட்மார்னிங்’ சொல்லவேண்டும். திரும்பும் படகில் மனைவி வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீம் அவர் கையிலேயே உருகி வழிந்தது.

ஓட்டலுக்குள் நுழையும்போது மணி நாலு நாற்பது. நேரே வரவேற்பு மேஜைமேல் லேப்டாப்பை வைத்தார். பெண் பூட்டை எடுத்துவிட, எடுத்துவிட, இவர் தட்டிக்கொண்டே இருந்தார். கொள்ளுத்தாத்தா பெயர். தவறு. தன் செல்லப் பெயர். தவறு. ‘செக்கிங் சார்’ என்றே போட்டார். தவறு. கம்பெனி பெயர். மேனேஜர் பெயர். கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்து மேஜைக்காரர் பெயர். எல்லாம் தவறு.

மணி நாலு ஐம்பத்தைந்து. மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “இரு, இரு” என்று கையைக் காட்டினார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“என் பேர்லயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சும்மா” என்றார் சார். “நான் யாரும்மா?”

வரவேற்புப் பெண் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டாள்.

“அம்மா, மன்னிச்சுக்கோங்க, இதுக்கு மேல என்னால வேடிக்கை பார்க்க முடியாது. சார், கொள்ளுத்தாத்தாவிலிருந்து பக்கத்து மேஜைக்காரர் வரைக்கும் எல்லார் பேரையும் போட்டுட்டீங்க. இந்த ரூமைப் பதிவு பண்ணின உங்க வீட்டம்மா பேரை மட்டும் காலையிலிருந்து ஒரு தடவைகூடப் போடலையே!”