கழட்டி மாட்டுற பிடியும் ஆர்விட்டோட குறியும்

அந்த வருஷம் வீட்டுக்குக் கறி வராததுக்கு யாரு காரணம்னு ஆர்விட் முடிவு கட்டிட்டான். அவன் இல்ல. துப்பாக்கி இல்ல. தோட்டாவும் இல்ல. தூரத்துல இருக்கறதக் கிட்டக் காட்டுற ஸ்கோப்ப துப்பாக்கி மேல பிடிச்சு வெச்சிருக்கு பாருங்க ஒரு பிடி, அதுதான்.

சாதாரணப் பிடின்னா திருகாணி போட்டு இறுக்கிட்டு மறந்துடலாம். இது அந்த மாதிரி இல்ல. பக்கத்துல ஒரு லீவர். அதத் தட்டினா ஸ்கோப்பு கையோட வந்துடும். மறுபடி வெச்சுத் தட்டினா கப்புனு உக்காந்துக்கும். பனி கொட்டிக் கண்ணாடி மங்கிப்போனா கழட்டிப் பையில போட்டுட்டு, குழல் மேல இருக்குற இரும்புக் குறிய வெச்சே சுடலாம்னு வாங்கினது. எத்தன தடவ கழட்டி மாட்டினாலும் குறி அப்படியே நிக்கும்னு கடைக்காரன் சொன்னான். கடைக்காரன் சொன்னத விடப் பெரிசா ஆர்விட் வீட்டுக்கு வந்து சொன்னான். இப்ப மாட்டிக்கிட்டது அதுலதான்.

மொன்டானாவுல நவம்பர் மாசம்னா வெளிச்சம்னு ஒண்ணு பேருக்குத்தான் இருக்கும். வேல பாத்த மரம் அறுக்கற மில்லு மூடினதுலேர்ந்து ஆர்விட்டுக்கு அதுவும் கிடையாது. பொண்டாட்டி மார்லிஸ் பள்ளிக்கூடத்துச் சமையக்கட்டுல வேல பாத்து வீட்ட ஓட்டுறா. அவன் செய்யறதுக்குன்னு மிஞ்சினது ஒரே வேல. வருஷத்துக்கு ஒரு எல்க் மான அடிச்சுட்டு வந்து ஃப்ரீசர ரொப்பறது. அந்த ஒண்ணுலதான் அவன் இன்னும் மனுஷன்னு தலைய நிமித்திட்டிருந்தான். இப்ப சீசன் முடியப் போகுது. ஃப்ரீசர்ல கிடந்தது ஒரு பை பட்டாணி. அதுவும் அவன் முட்டிவலிக்கு ஒத்தடம் குடுக்கற பட்டாணி.

"இன்னைக்கும் இல்லையா?" மார்லிஸ் கேட்டா.

"இருந்துச்சு."

"எங்க?"

"மலையில."

"சுடலையா?"

"சுட்டேன்."

"அப்புறம்?"

"அது இன்னமும் மலையிலதான் இருக்கு."

எல்க் நின்னது என்னமோ கதவு மாதிரி. பக்கவாட்டுல, அசையாம. ஆர்விட் மூச்ச அடக்கி விசைய இழுத்தான். எல்க் தலையத் திருப்பி, யாருப்பா அதுன்னு ஒரு பார்வ பாத்துட்டு நடந்தே போச்சு. ஓடக்கூட இல்ல. அதான் அவனுக்கு நெஞ்சுல முள்ளு. கை நடுங்குச்சான்னு அவனே அவனக் கேட்டுக்கல. கேட்டா பதில் வந்துடுமே.

"பிடி நகர்ந்துடுச்சு மார்லிஸ். கழட்டி மாட்டினதுல குறி போயிடுச்சு."

"எத்தன தடவ மாட்டினாலும் முடியளவுகூட நகராதுன்னியே?"

"அது... அப்ப சொன்னது."

"இதே மேசையில உக்காந்துதான் சொன்னே. கையில என் கேக்கு வேற இருந்துச்சு."

துப்பாக்கி யாரோடதுன்னு நான் சொல்லல பாருங்க. மார்லிஸோட அப்பா இங்வால்ட் வெச்சிருந்தது. அந்த மனுஷன் இருந்தாரே, எதையும் நம்பமாட்டார். டிராக்டர்ல திருகாணி இறுக்கினா அது மேல பெயிண்ட்டால ஒரு கோடு போட்டு வெப்பார். காலையில கோடு ஒடஞ்சிருந்தா திருகாணி நகர்ந்திருக்குன்னு அர்த்தம். கல்யாணத்தன்னைக்கு ஆர்விட்டயே ஏற இறங்கப் பாத்தாராம், எங்க கோடு போடலாம்னு. சரி, அவரு போய்ச் சேர்ந்தாச்சு. அந்தக் கதைய விடுங்க.

பக்கத்து வீட்டு டெல்பர்ட்தான் ஆர்விட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்தான். அவன் ஆறுதல் சொன்னா இருக்கற தைரியமும் போயிடும்.

"என் சித்தப்பாவுக்கும் இதே மாதிரி பிடிதான்டா. சுட்டதும் ஸ்கோப்பு கழண்டு காபி கெட்டில்ல விழுந்துச்சு."

"அப்ப பிடி மோசம்தானே?"

"அவரு லீவர மூடவே இல்லடா."

"நீ வீட்டுக்குப் போ."

வர்ற சனிக்கிழமை சர்ச்சுல லூட்டஃபிஸ்க் விருந்து. காஞ்ச மீன சலவை சோடாத் தண்ணியில ஊறப்போட்டு, அலசி, கொழகொழன்னு வேகவெச்சு, உருக்கின வெண்ணெய ஊத்தித் தின்பாங்க. நார்வேலேர்ந்து வந்த தாத்தா காலத்துப் பழக்கம். நாத்தம் கோட்டுல ஏறினா கிறிஸ்துமஸ் வரைக்கும் இறங்காது. ஒரு வருஷம் அண்டாவுல மீனே கரஞ்சு காணாமப் போச்சு. சர்ச்சுச் சமையலுக்குப் பொறுப்பான போர்கில்ட் அத்தை அசரவே இல்ல, சூப்புன்னு சொல்லி ஊத்திட்டா. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினவங்க இருக்காங்க. இந்தத் தடவ சர்ச்சுக் கீழ் அறையில உருளைக்கிழங்கு உரிக்கற மொற மார்லிஸோடது.

ஆர்விட் போட்ட கணக்கு இதுதான். பிடி மேல பழியப் போடணும். அதுக்குப் பதிலா மாமனார் ஸ்கோப்புக்குப் போட்டிருந்த பழைய இரும்பு வளையத்தத் திருகிக்கணும். கடைசி வாரம் முழுக்க மலையில கூடாரம். ஒரு எல்க்கோட வந்து நின்னா போன மானம் திரும்பி வந்துடும். மீன் நாத்தமும் கிடையாது.

மலைக்குப் போறேன்னு அவன் சொன்னத மார்லிஸ் கேட்டுக்கிட்டா. துணி மடிச்சுக்கிட்டே கேட்டா. அவ துணி மடிச்சுக்கிட்டே கேட்டான்னா பயப்படணும்.

"சரி. நாளைக்கு ஜல்லிக் குழியில வெச்சு நானே சுட்டுப் பாக்கறேன். ஒவ்வொரு குண்டுக்கும் நடுவுல கழட்டி மாட்டுவேன். குண்டு செதறினா குத்தம் பிடியோடது. நீ போ. வாரம் முழுக்க இரு."

"செதறலேன்னா?"

"பிடி நல்லதுன்னு அர்த்தம். மலைக்கு நான் போறேன். எனக்கும் லைசென்ஸ் இருக்கு. நீ சர்ச்சுல என் எடத்துல உக்காந்து உருளைக்கிழங்க உரி."

"நீயா போவே?"

"ஏன், எல்க்குக்கு உன்னத்தான் பழக்கமா?"

மறுநாள் மார்லிஸ் வேலைக்குப் போனதும் ஆர்விட் துப்பாக்கிய மடியில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தான். சன்னலுக்கு வெளிய சாம்பக் கலர்ல ஒரு பகல். பிடி நல்லதா இருந்துட்டா? அந்தக் கேள்விதான் குளிர விட அதிகமா அவன நடுக்குச்சு. பிடி நல்லதுன்னா தப்பு பண்ணினது பிடி இல்ல.

அப்புறம் ஸ்பேனர எடுத்தான். லீவர் நட்ட ஒரு அரைச் சுத்து தளர்த்தினான். ரொம்ப இல்ல. ஆட்டிப் பாத்தாத் தெரியாது. சுட்டா மட்டும் செதறும். துடச்சு, உறையில போட்டு வெச்சான். சர்ச்சு உண்டியல்ல கை வெச்சவன் மாதிரி ஸ்பேனரயும் துடச்சு வெச்சான்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அவ வந்ததும் வண்டிக் கண்ணாடியில படிஞ்ச ஐஸ சுரண்டறதுக்கு ஆர்விட் வெளிய போனான். மார்லிஸ் துப்பாக்கிய எடுத்துக்கிட்டு வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாச்சு.

"என்ன பண்ணிட்டிருந்தே?"

"கையுறை தேடினேன்."

ஜல்லிக் குழியில ஆளே இல்ல. காகிதத் தட்டுல கறுப்பா ஒரு பொட்டு வெச்சு ஆர்விட்டே நட்டுட்டு வந்தான். மார்லிஸ் மண்மூட்டை மேல துப்பாக்கியச் சாச்சுப் படுத்தா. ஒரு குண்டு. லீவரத் தட்டி ஸ்கோப்பக் கழட்டினா, கோட்டுல தொடச்சா, மறுபடி வெச்சா.

"எதுக்கு முன்னாடி தள்றே?"

"துப்பாக்கி மேல இருக்கற பட்டையில எப்பவும் அதே பல்லுல வெக்கணும். முன்னாடி முட்டறவரைக்கும் தள்ளணும். அப்புறம்தான் மூடணும். பிடியோட வந்த காயிதத்துல போட்டிருந்துச்சே, படிக்கலையா?"

"படம் பாத்தேன்."

இன்னொரு குண்டு. கழட்டினா, மாட்டினா. இன்னொண்ணு. ஆர்விட் மனசுக்குள்ளயே கூடாரம் அடிச்சு அடுப்பும் மூட்டிட்டான். மார்லிஸ் துப்பாக்கியத் தோள்ல மாட்டிக்கிட்டா, தட்டப் பாக்க நடந்தாங்க. பக்கத்துல போகப் போக அடுப்பு அணைஞ்சுது.

மூணு ஓட்டையும் பொட்டுக்குள்ள. சோடா பாட்டில் மூடி ஒண்ணு போதும், மூணையும் மூடிடும்.

"இதெப்படி!" ஆர்விட் கத்திட்டான். "இருக்கவே முடியாது! நான்தான் அந்த நட்ட..."

மார்லிஸ் தட்டுலேர்ந்து கண்ண எடுத்து அவனப் பாத்தா.

"எந்த நட்ட, ஆர்விட்?"

"...ரொம்ப நாளா சந்தேகப்பட்டேன்."

மார்லிஸ் துப்பாக்கியத் திருப்பி நட்டக் காட்டினா. அதுலேர்ந்து பிடி மேல வரைக்கும் முடி மாதிரி செவப்பா ஒரு கோடு. அவ அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கின நெயில் பாலிஷ்.

"பிடி வந்த அன்னைக்கே போட்டேன். சீசன் முழுக்க ஒவ்வொரு தடவ நீ வீட்டுக்கு வந்ததும் பாத்தேன். ஒடயவே இல்ல. இன்னைக்குத்தான் ஒடஞ்சிருந்துச்சு. கோட்டோட கோடு சேர்ற வரைக்கும் இறுக்கினேன், அவ்வளவுதான்."

"அப்ப கையுறை?"

"கையுறை கையிலதான் இருந்துச்சு."

திரும்பி வர்ற வழியெல்லாம் அவ குத்திக் காட்டல. ஒரு தடவ மட்டும் அவன் முட்டியத் தட்டிக் குடுத்தா. திட்டியிருந்தாத் தேவலாம்னு இருந்துச்சு அவனுக்கு.

சனிக்கிழமை சர்ச்சுக் கீழ் அறை. சன்னல் கிடையாது. ஆவி, மீனு, நனஞ்ச கம்பளி. பூப்போட்ட ஏப்ரனக் கட்டிக்கிட்டு ஆர்விட் உரிச்சான், உரிச்சான், உரிச்சுக்கிட்டே இருந்தான். போர்கில்ட் அத்தை வந்து அவன் உரிச்ச தோல வெளக்குல பிடிச்சுப் பாத்தா.

"இதுல பாதிக் கெழங்கு இருக்கே ஆர்விட். மேலாப்ல எடு."

"சரி அத்தை."

"எல்க்க விட்டுட்டியாமே?"

"ஆமா அத்தை."

ஆமான்னு சொன்னது அதுதான் மொத தடவ. சொன்னப்புறமும் ஒலகம் அப்படியேதான் இருந்துச்சு, மீன் நாத்தம் உட்பட. அடுத்த கெழங்க எடுத்தான்.

மத்தியானம் கழிச்சு மேல ஆபீஸ் போன் அடிச்சுது. பாஸ்டர் ஹால்வர்சன் ரெண்டு ரெண்டு படியா இறங்கி ஓடி வந்தார்.

"ஆர்விட்! உன் வீட்டுக்காரிதான். மலையடிவாரத்துக் கடையிலேர்ந்து பேசினா. எல்க் விழுந்துடுச்சாம்! ஒரே குண்டு!"

கீழ் அறையே கைதட்டுச்சு. கத்தியும் கையுமா ஆர்விட் எழுந்து நின்னான். ஃப்ரீசர் நிரம்பப் போற சந்தோஷம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என்னன்னு அவனாலயே சொல்ல முடியல.

"வேற ஏதாவது சொன்னாளா பாஸ்டர்?"

"சொன்னா. முதுகுல கட்டிச் சுமை தூக்கற சட்டத்த எடுத்துக்கிட்டு உடனே வரச் சொன்னா. கறிய மலையிலேர்ந்து சுமந்து இறக்கணுமாம்."

ஆர்விட் நெஞ்சு கொஞ்சம் நிமிந்துச்சு. ஏப்ரன் முடிச்ச அவுத்தான்.

"பாத்தீங்களா! நான் இல்லாம முடியலேன்னுதானே சொன்னா?"

பாஸ்டர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சார். பொய் சொல்ல முடியாத உத்தியோகம் அவரோடது.

"இல்லப்பா. சுமக்கறதுக்குக் குறி தேவையில்ல, அதனால ஆர்விட்டே போதும்னு சொன்னா."