மைக் செட் அகராதியும் ஒரு சத்தியமும்

மரக்காணம் வட்டாரத்தில் அகராதியிடமிருந்து தப்பித்து நடந்த நிச்சயதார்த்தம் ஒன்றுகூடக் கிடையாது. மைக் செட் வாடகைக்கு விடுபவர். சொந்தப் பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கம் அகராதி என்றால் திமிர் பிடித்தவன் என்றும் ஒரு பொருள் உண்டு. அவர் மற்ற பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியாக இருந்தார்.

பாட்டை நிறுத்தி மைக்கைத் தட்டினார் என்றால் ஏதோ ஒரு வார்த்தையைப் பிரிக்கப்போகிறார். "நிச்சயதார்த்தம்னா நிச்சயிச்ச அர்த்தம். பேசி முடிச்ச விஷயம். இன்னும் தட்டே மாத்தல, அதுக்குள்ள பேனர் கட்டிட்டீங்க. தப்பு." அவரே ஏணி போட்டு ஏறி பேனரைச் சுருட்டுவார். தட்டு மாற்றியதும் மறுபடி ஏறி விரிப்பார்.

அனுமந்தையில் ஒரு வீட்டில், பரிசம் என்பது ஸ்பரிசத்திலிருந்து வந்தது, அதாவது தொடுதல் என்று அறிவித்தார். பெண்ணின் மாமா எழுந்து, "ஏம்பா, தொடுறதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம்" என்று மாப்பிள்ளையின் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். அந்த விளக்கம் சரிதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாற்காலி கடைசிவரை அங்கேயேதான் கிடந்தது.

இவரைத்தான் அப்பா என் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கும் பிடித்தார். ஊரில் இருந்த இன்னொரு செட், உப்புக்காற்றில் துருவேறி, எந்தப் பாட்டைப் போட்டாலும் இருமியது.

தட்டு மாற்றும் நேரம். மாப்பிள்ளை மைக்கை வாங்கி, "சத்தியமா இவங்கள கண் கலங்காம பார்த்துக்குவேன்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அகராதி தட்டவில்லை.

"தம்பி, சத்தியம்னா உண்மை. இருக்குறதத்தான் உண்மைன்னு சொல்ல முடியும். நீங்க சொன்னது இனிமே நடக்கவேண்டியது. அதுக்குப் பேரு வாக்கு. சத்தியம் பண்றதா இருந்தா இப்ப இருக்குற ஒண்ண சொல்லுங்க."

அப்பா பல்லைக் கடித்தார். மாப்பிள்ளை மைக்கையே பார்த்தபடி நின்றார். பிறகு எல்லா ஸ்பீக்கரிலும் கேட்கும்படி, "எனக்கு வேற ஒரு பொண்ணோட பழக்கம் இருக்குது. அவளுக்கு வாக்கு குடுத்துட்டேன். வீட்ல சொல்ல பயம்" என்றார்.

உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்களாம்.

"டேய், உன் வாய்ல மண்ண போட!" என்று அப்பா அகராதி மேல் பாய்ந்தார். அவர் ஒயரைச் சுற்றிக்கொண்டே, "நான் பொருள் மட்டும்தாங்க சொன்னேன்" என்றார்.

அக்கா அழுதுகொண்டிருப்பாள் என்று அம்மா தண்ணீரோடு உள்ளே போனாள். அக்கா தலைப்பூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "நல்லவேளைம்மா. கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா?" என்றாள். கழற்றிய பூவை மட்டும் கீழே வைக்கவில்லை.

பிறகு வேறு இடம் அமைந்தது. மைக் செட்டே வேண்டாம் என்றார் அப்பா. "அவரு வரலன்னா நான் மேடை ஏறமாட்டேன்" என்றாள் அக்கா. வந்தார். பாட்டு மட்டும் போட்டார். மைக் பக்கமே திரும்பவில்லை.

புது மாப்பிள்ளை மைக்கை வாங்கினார். "எனக்குப் பேச வராதுங்க. கையெல்லாம் நடுங்குது. இவங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது. அவ்ளோதான்."

கூட்டம் முழுக்க அகராதியைப் பார்த்தது. அக்கா கேட்டாள்: "என்னண்ணா, இது சத்தியமா, வாக்கா?"

அகராதி கர்ச்சீப்பை எடுத்து ஸ்பீக்கரைத் துடைத்தார், அதோடு முகத்தையும்.

போட்டோ எடுக்கும்போது, பெண்ணுக்கு அண்ணன் நிற்கவேண்டிய இடத்தில், அப்பா அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினார்.