எழுபத்திரண்டு சாப்பாடு

"மாடு வேண்டாம்னா ஆடு. இதுல என்ன பெரிய கஷ்டம்?" என்றார் அந்தோணிராஜ்.

"லிம் தம்பிக்கு ஆடும் ஆகாதாம், கிராணி ஐயா. அவங்க அம்மா ரெண்டையும் தொடுறதில்லன்னு சாமிக்கு வேண்டிக்கிட்டாங்களாம். மகனுக்கும் சேத்து," என்றார் சின்னையா.

"கோழி?"

"சுல்தான் தம்பிக்கு அவங்க ஆளு அறுத்த கோழிதான் ஆகும். நான்தான் அவசரப்பட்டு காலைலயே கழுத்தைத் திருகிட்டேனே."

"மீனு?"

"மீனு எல்லாருக்கும் ஆகும். வேலு தம்பிக்கு மட்டும் ஆகாது. இன்னிக்குப் புரட்டாசிச் சனி."

அந்தோணிராஜ் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மணி பன்னிரண்டு. மூன்று மணிக்கு விருந்து.

பினாங்கில் பீச் ஸ்ட்ரீட் வக்கீல் ஆபீஸ் ஒன்றில் அவர் இருபத்தாறு வருஷமாகக் கிராணி, அதாவது குமாஸ்தா. துரைமார் கோர்ட்டில் பேசிய சட்டமெல்லாம் முதல் நாள் அவர் விரல் வழியாக டைப்ரைட்டரில் போனதுதான். ஆனாலும் கோர்ட்டுக்குள் அவருக்கு நாற்காலி கிடையாது. ஃபைலைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நிற்க வேண்டும். அந்த நாற்காலியில் தன் மகன் பெர்னார்ட் உட்கார்ந்துவிட்டால் போதும், அப்புறம் கண்ணை மூடலாம் என்று இருந்தார் மனிதர்.

பெர்னார்ட்டுக்கு லண்டனில் சட்டம் படிக்க இடம் கிடைத்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை கப்பல். அதே கப்பலில் அதே படிப்புக்கு இன்னும் மூன்று பையன்கள் போகிறார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, லண்டனிலிருந்து வந்த விதிமுறைத் தாளை அந்தோணிராஜ் படிக்கிற வரைக்கும்.

அந்த ஊர் வழக்கம் அப்படி. வக்கீலாக வேண்டுமென்றால் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. வக்கீல் சங்கத்து மண்டபத்தில், மூத்தவர்கள் மேடை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, மாணவர்கள் நாலு நாலு பேராக உட்கார்ந்து எழுபத்திரண்டு தடவை சாப்பிட்டாக வேண்டும். சும்மா கூடி உண்ணுகிற சடங்குதான். ஆனால் ஆயுள் முழுக்கச் சட்டத்தாள் டைப் அடித்தவருக்கு, தாளில் ஏறிவிட்டால் சோறும் சட்டம்தான். எழுபத்திரண்டு சாப்பாடு என்றால் எழுபத்திரண்டு பரீட்சை என்று முடிவு கட்டிவிட்டார்.

அதனால்தான் இந்த ஒத்திகை விருந்து. நார்த்தம் ரோட்டில் துரை பங்களா பட்லர் சின்னையாவைக் கெஞ்சிக் கூத்தாடி, கத்தியும் முள்கரண்டியும் இரவல் வாங்கியாகிவிட்டது.

"மூணு பேருக்கு மீனு," என்றார் அந்தோணிராஜ் கடைசியில். "வேலுவுக்கு உருளைக்கிழங்க மசிச்சு மீனு மாதிரியே பிடிச்சு வறுத்துடு."

"கிழங்குல முள்ளு இருக்காதே ஐயா. முள்ளு எடுக்க எப்படிப் பழகும்?"

நியாயமான கேள்வி. அந்தோணிராஜ் ஒரு நிமிஷம் யோசித்தார். "விளக்குமாத்துல நாலு ஈர்க்குச்சி உருவிக் கழுவு. நறுக்கி உள்ள சொருகு."

மூன்று மணிக்குப் பையன்கள் வந்தார்கள். லிம் வெள்ளை சூட்டில் வந்தான். சீனப் பையன்தான், ஆனால் தமிழர் நிறைந்த சூலியா தெருவில் வளர்ந்தவன், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. முகம்மது சுல்தான் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் வியாபாரியின் மகன், அத்தர் மணக்க வந்தான். வேலு புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ரயிலும் படகும் மாறி வந்திருந்தான். கடன் வாங்கிய கோட்டு, முழங்கை வரைதான் எட்டியது.

மேசையில் ரோசலின் கையால் பூ வேலை செய்த வெள்ளை விரிப்பு. ரோசலின் அந்தோணிராஜின் மனைவி. அவள் போய் ஐந்து மாதம் ஆகிறது. அவள் போனதிலிருந்து வீட்டில் சமையல், துவையல், அப்பாவின் கோட்டுக்குப் பொத்தான் தைப்பது எல்லாம் பெர்னார்ட்தான். அந்தோணிராஜுக்கு உப்பு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அன்றைக்கும் அடுக்களைக்குள் போய் ஜாடி ஜாடியாகத் திறந்து பார்த்துவிட்டுத் திருதிருவென்று முழித்தார்.

"இடது பக்கம் ரெண்டாவதுப்பா," என்றான் பெர்னார்ட்.

நாலு பேரும் உட்கார்ந்தார்கள். திராட்சை ரசத்துக்குப் பதிலாக நன்னாரி சர்பத்து.

"லண்டன்ல நாலு பேருக்கு ஒரு போத்தல் வைப்பாங்களாம்," என்றான் லிம். "சுல்தான் குடிக்க மாட்டான். அதனால எல்லாரும் அவன் பக்கத்துலதான் எடம் பிடிப்பாங்க."

"என்னோட பங்க நான் ஏலம் விடுவேன்லா," என்றான் சுல்தான்.

"பேச்சு இருக்கட்டும், ஒழுங்கு வேணும்," என்றார் அந்தோணிராஜ். "மேசைல உக்காந்தா நீ யாரு, எதுல ஈடுபாடுன்னு கேப்பாங்க. ஒவ்வொருத்தரா சொல்லுங்க பாப்போம்."

லிம் தொடங்கினான். "எனக்குக் குதிரைப் பந்தயம். எங்க தாத்தா நிலத்துக்குப் பதினெட்டு வருஷமா சித்தப்பாமாரோட கேஸ். பாதி நிலத்தை வக்கீல்மாரே தின்னுட்டாங்க. மீதியைத் தின்ன வீட்டுக்குள்ளயே ஒரு வக்கீல் இருக்கட்டும்னு அப்பா அனுப்புறாரு."

"எனக்கு நாடகம்," என்றான் சுல்தான். "மலாய்க்காரங்க பங்சாவான் மேடையில பொம்பள வேஷம் கட்டி அழுவேன். அத்தா பாத்துட்டாரு. அழறதுதான் அழற, கோர்ட்டுல அழு, காசாவது வரும்னாரு."

வேலு கோட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். "எங்கப்பாவுக்கு மாட்டு வண்டி, ஐயா. ஒரு தடவை கோர்ட்டுல நிக்க வெச்சாங்க. அப்பா பத்து நிமிஷம் பேசினாரு. மொழிபெயர்க்கிறவரு ஜட்ஜுகிட்ட ரெண்டு வார்த்தை சொன்னாரு. வண்டி லைசென்ஸ் போயிடுச்சு. மீதி வார்த்தையெல்லாம் எங்க போச்சுன்னு தெரிஞ்சுக்கணும். அதுக்குத்தான் போறேன்."

அந்தோணிராஜ் சுவரோரம் நின்று அப்படி எத்தனை வார்த்தை காணாமல் போனதைப் பார்த்திருக்கிறார்.

"நீ சொல்லுடா," என்றார் மகனிடம்.

"ரசம் வைப்பேன்," என்றான் பெர்னார்ட்.

"என்னது?"

"எனக்கு அதுலதான் ஈடுபாடுப்பா."

"இவன் பன்னெண்டு வயசுலயே என் ஆபீஸ் தீர்ப்புப் புஸ்தகத்தையெல்லாம் படிச்சவன்," என்று அந்தோணிராஜ் மற்றவர்களிடம் அவசரமாகச் சொன்னார். "ராத்திரி சோறு மறந்து படிப்பான்."

"அதெல்லாம் மறந்து போச்சுப்பா."

சூப் வந்தது. மூன்று பேரும் கரண்டி எடுத்தார்கள். பெர்னார்ட் தட்டையே இரண்டு கையாலும் தூக்கி உறிஞ்சினான். அந்தச் சத்தம் அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும்.

"டேய், லிம்மைப் பாத்து அப்படியே செய்டா," என்றார் அந்தோணிராஜ்.

லிம் எதிரே உட்கார்ந்திருந்தான். பெர்னார்ட் கண்ணாடியில் பார்ப்பது போல அப்படியே செய்தான். மீன் வந்தபோது கத்தி இடது கையிலும் முள்கரண்டி வலது கையிலும் இருந்தன. அறுக்க அறுக்க மீன் தட்டுக்குள் நீந்தியது.

அந்தோணிராஜால் பொறுக்க முடியவில்லை. மகனின் பின்னால் போய் நின்று, அவன் இரண்டு கைகளையும் பிடித்து அறுத்துக் காட்டினார். பெர்னார்ட்டின் முழங்கை எப்படியோ விலகியது. மீன் பறந்துபோய் லிம்மின் வெள்ளை சூட்டில் மார்போடு ஒட்டிக்கொண்டது.

"தாக் ஆபா லா, அங்கிள்," என்றான் லிம் மலாயில். பரவாயில்லை என்று வாய் சொல்லிற்று, கண் சொல்லவில்லை.

"எழுந்திரு, நான் காட்டுறேன்," என்று மகனைத் தள்ளிவிட்டு அந்தோணிராஜ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷம் துரைமார் விருந்துகளைக் கதவோரம் நின்று பார்த்தவர். சின்னையா வேறு மீன் வைத்தார். கத்தி தட்டில் உரசாமல், நடுமுள்ளை முழுசாக எடுத்து ஓரத்தில் வைத்து, வாயை மூடி மென்றார்.

"ஐயா, நீங்களே கப்பல் ஏறலாம்," என்றான் வேலு. எல்லோரும் சிரித்தார்கள். அந்தோணிராஜும் சிரித்தார். சிரித்த பிறகு மனசு என்னவோ போல ஆகிவிட்டது.

சிரித்த வேகத்தில் வேலுவுக்கு ஈர்க்குச்சி ஈறில் குத்திவிட்டது. அவன் துள்ளியதில் சுல்தானின் சர்பத்துக் கோப்பை உருண்டது. துடைக்க வந்த பெர்னார்ட் கையிலிருந்த தன் கோப்பையையும் கவிழ்த்துவிட்டான், லிம்மின் மடியில். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்ததென்பார்கள். இங்கே அந்தக் குரங்குக்கும் உருப்படியாக ஒரு வால் இல்லை. ரோசலினின் விரிப்பில் மட்டும் பெர்னார்ட் கையிலிருந்து ஒரு பொட்டு விழவில்லை. அது மட்டும் மாதா புண்ணியம் என்று நினைத்துக்கொண்டார் அந்தோணிராஜ்.

"போதும்," என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார். "முதல் சாப்பாட்டுலயே இவனைத் திருப்பி அனுப்பிடுவாங்க."

"சாப்பாட்டுக்கெல்லாம் மார்க் போட மாட்டாங்க, ஐயா," என்றான் வேலு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே.

"தாள்ல போட்டிருக்கு தம்பி. பரீட்சையில தோத்தா மறுபடி எழுதலாம். அத்தனை பேரு முன்னால மானம் போனா மறுபடி எழுத முடியுமா?"

"அப்பா சொல்றது சரிதான்," என்றான் பெர்னார்ட். "எனக்கு இது வராதுப்பா. அடுத்த வருஷம் பாக்கலாம்."

லிம் மடியைத் துடைப்பதை நிறுத்தினான். "அங்கிள், நெசமாவா சொல்றீங்க? என் மாமா மகன் இதே படிப்புக்குத்தான் போகணும். கப்பல்ல இடமில்லாம அழுதுகிட்டு இருக்கான். டிக்கெட்டக் கொடுத்தா ஏஜென்டு ஆபீஸ்ல பேரை மாத்திப்பாங்க."

அந்தோணிராஜ் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான்.

உள்ளே போய், மாதா சுரூபத்தின் அடியில் வைத்திருந்த டிக்கெட்டை எடுத்து வந்தார். லிம்மிடம் கொடுத்தார். இருபத்தாறு வருஷக் கனவை ஒரு மீனுக்குத் தோற்றதில் அழுகை வந்தது. ஆனால் அழுகைக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. இனி ராத்திரி இந்த வீட்டில் தனியாகப் படுக்க வேண்டியதில்லை. யாராவது "அப்பா, சாப்பிட்டீங்களா" என்று கேட்பார்கள். அந்த நிம்மதியை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. பெத்தவன் இப்படி நினைக்கலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"வருத்தப்படாதீங்கப்பா," என்று பெர்னார்ட் சிரித்தான். ரோசலினை அடக்கம் பண்ணின நாளிலிருந்து அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான். கூட்டாளிகளை வழியனுப்ப முச்சந்தி வரைக்கும் போனான். லிம் டிக்கெட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்து, பொத்தான் போட்டுக்கொண்டான்.

அடுக்களையிலிருந்து சின்னையா வந்து, மேசையில் கிடந்த கத்தி, கரண்டிகளைத் துடைத்துத் துணியில் சுற்றினார்.

"பாத்தியா சின்னையா," என்றார் அந்தோணிராஜ். "அவங்க அம்மா இருந்திருந்தா இவ்வளவு கேவலம் வந்திருக்காது. அவ ஏதாவது வழி பண்ணியிருப்பா."

சின்னையா சுற்றுவதை நிறுத்திவிட்டு, தலையைச் சொறிந்தார்.

"அதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன், கிராணி ஐயா. அந்தம்மா இருந்த வரைக்கும் ஞாயிறு தவறாம தம்பியைப் பங்களாவுக்கு அனுப்பிக் கத்தி, முள்கரண்டியில சாப்பிடப் பழக வெச்சாங்க. எங்க துரையம்மாவே பாத்துட்டு, இவ்வளவு நேர்த்தியா எங்க ஊருலகூட சாப்பிட மாட்டாங்கன்னாங்க. இன்னிக்குத் தம்பிக்கு என்ன ஆச்சு?"