சிவக்காத ஐசிங்கும் நகராத வரிசையும்

ஒரு காட்டில் ஒரு பேக்கரி இருந்தது. காட்டில் எதற்குப் பேக்கரி என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் பாம்பு வந்து வரிசையில் நிற்கப் போகிறது. அதையும் விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

பேக்கரியை நடத்தியது தேனம்மை என்ற கரடி. சின்னது பெரியது எல்லாம் அவளை ஆச்சி என்றுதான் கூப்பிடும். தேன் கேக்கும் அதன்மேல் வெள்ளை ஐசிங்கும் அவளுக்குத் தூக்கத்தில்கூட வரும். சிவப்பு ஐசிங் மட்டும் ஒருநாளும் கலந்ததில்லை.

காட்டு ராஜா பிடரிராயர் என்ற சிங்கம். உடம்பில் கொழுப்பு ஏறிவிட்டது என்று டாக்டர் கொக்கு மூன்று மாதமாக அவருக்குக் கறியை நிறுத்தி வைத்திருந்தார். பாவம், சுரைக்காய்க் கூட்டு தின்று தின்று ராஜாவின் கர்ஜனையே ஏப்பம் மாதிரி ஆகிவிட்டது. பிறந்தநாளுக்கு முந்தைய நாள் தேனம்மையைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நாளைக்குச் சாயங்காலம் கேக் வெட்டணும். ஐசிங் நல்லா ரத்தச் சிவப்பா இருக்கணும். வாய்க்குத்தான் கொடுத்து வைக்கலை, கண்ணாவது சாப்பிடட்டும்."

"செஞ்சிடலாம் ராஜா."

"பிங்க்கா மட்டும் வந்துச்சு, என் பத்தியம் அன்னியோட முடிஞ்சுது. முதல்ல கேக் செஞ்ச ஆளைத்தான் சாப்பிடுவேன். தப்பா எடுத்துக்காதே."

இதை வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்? தேனம்மை ஒரே ஓட்டமாகக் கடைக்கு வந்து வெண்ணெயும் சர்க்கரைத் தூளும் போட்டு அடித்தாள். சிவப்புக் கலர் பத்துச் சொட்டு விட்டாள். பஞ்சுமிட்டாய் நிறம். இன்னும் இருபது சொட்டு. ரோஸ்மில்க். பீட்ரூட்டைப் பிழிந்து ஊற்றினாள். யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி ஒரு நிறம் வந்தது. ஆத்திரத்தில் பாட்டிலையே கவிழ்த்தாள். அப்போதும் சிவக்கவில்லை, ஆனால் நக்கிப் பார்த்தால் ஒரே கசப்பு. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுநாள் விடிந்ததும் புதிதாக ஆரம்பித்தாள். கசப்பதற்கு ஒரு சொட்டு முன்னால் நிறுத்தினாள். பிங்க்! அடச்சே, அதே பிங்க்!

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. ராஜாவின் வாய்க்குள் எது போவதானாலும் உணவு அலுவலகத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். தேனம்மை ஃபாரத்தை நிரப்பினாள். 'நிறம்' என்ற இடத்தில் பொய் எழுத மனசு வரவில்லை, பிங்க் என்றே எழுதினாள். கிண்ணத்தைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்ததால் மூடியைப் போட்டு இறுக்கிக்கொண்டு, காலை பத்து மணிக்கு வரிசையில் நின்றாள்.

அவளுக்கு முன்னால் நின்றது ஒரே ஒரு ஆள்தான். நெளியப்பன் என்ற சாரைப்பாம்பு, பொந்து மாறியதற்கு ரேஷன் கார்டில் முகவரி திருத்த வந்திருந்தது.

"கட்டைவிரலை மெஷின்ல வைங்க" என்றார் அதிகாரி கிளைமணி. அவர் குரங்கு.

"விரலே கிடையாதுங்களே சார்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மெஷின் கேக்குது."

நெளியப்பன் வாலை வைத்தது. மெஷின் ஏற்கவில்லை. நாக்கை வைத்தது. அதுவும் இல்லை. நடுவில் சாப்பாட்டு நேரம் வந்தது. பிறகு மெஷினே படுத்துவிட்டது. நாலரை மணிக்குக் கிளைமணி ஒரு முடிவுக்கு வந்தார்: "கட்டைவிரல் இல்லைன்னு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க."

"அது எங்க சார் தருவாங்க?"

"இங்கதான். விண்ணப்பத்துல கட்டைவிரல் ரேகை வைக்கணும். நாளைக்கு வாங்க. அடுத்தது!"

தேனம்மை மூடியைத் திறந்தாள். உள்ளே ரத்தச் சிவப்பு! ஐசிங்கில் கலர் ஊறி ஏற அஞ்சாறு மணி நேரம் பிடிக்கும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. "ஐயோ, என் சாமி, பிழைச்சேன்!" என்று குதித்தாள்.

கிளைமணி ஃபாரத்தைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். "பிங்க்குன்னு எழுதியிருக்கீங்களேம்மா."

"காலையில பிங்க்கா இருந்துச்சு சார். அடிச்சு எழுதித் தந்துடறேன்."

"அடிச்சு எழுதுனா செல்லாது. புது ஃபாரம் நாளைக்குத்தான்."

"நாளைக்கு நான் இருக்க மாட்டேனே சார்!"

"அப்ப வாரிசு வரலாம்" என்று சொல்லி, பிங்க் என்றே முத்திரை குத்திக் கொடுத்தார்.

சாயங்காலம் கேக்கைப் பார்த்த ராஜாவுக்கு எச்சில் ஒழுகியது. சான்றிதழைப் படித்ததும் முகம் மாறியது.

"பிங்க்குன்னு போட்டிருக்கே?"

"கண்ணால பாருங்க ராஜா! எவ்வளவு சிவப்பு!"

"என் கண்ணுக்கும் சிவப்பாத்தான் தெரியுது. ஆனா முத்திரை என்னோடது. அது பொய்யின்னா என் ஆட்சியே பொய்யில்ல? கேக் பிங்க்தான். வா, கிட்ட வா."

தேனம்மை கண்ணை மூடினாள். சட்டென்று ஒன்று உறைத்தது.

"வரேன் ராஜா. ஆனா எனக்கு இன்னும் சான்றிதழ் வாங்கலையே?"

ராஜா திறந்த வாயை மூடினார். சட்டம் சட்டம்தானே. "சரி, வாங்கிட்டு வா" என்றார். அதுவரை சும்மா இருப்பானேன் என்று கேக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை தேனம்மை வரிசையில் போய் நின்றாள். முன்னால் நெளியப்பன், கட்டைவிரல் இல்லாச் சான்றிதழுக்காகக் கட்டைவிரல் தேடிக்கொண்டிருந்தது.

"நம்ம வேலை இப்போதைக்கு ஆகாது ஆச்சி. நீங்க வேணா முன்னால போங்களேன்" என்றது.

"நீ நில்லு தம்பி! நல்லா நில்லு! எனக்கு ஒரு அவசரமும் இல்லை" என்றாள் தேனம்மை.

அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். பேக்கரியையும் அங்கேயே மாற்றிவிட்டாள். காலையில் பிங்க்காகக் கலந்து பக்கத்தில் வைப்பாள். சாயங்காலத்துக்குள் எல்லாக் கிண்ணமும் சிவந்துவிடும், வரிசை ஒரு அடி நகர்ந்திருக்காது.

நீதி: உயிருக்கு ஆபத்து வந்தால் ஓடக் கூடாது. கட்டைவிரல் இல்லாதவருக்குப் பின்னால் போய் வரிசையில் நிற்க வேண்டும்.