பதினொரு ஓட்டும் என் இடது கையும்

நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட என்னைத் தேர்தல் வேலைக்குச் சேர்த்துக்கொண்ட வக்கீலை நினைத்தால் இன்றைக்கும் பாவமாக இருக்கிறது. (அவரைக் குறை சொல்ல முடியாது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதைப் பார்த்து ஆளை எடை போட்டுவிட்டார்.)

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டசபைத் தேர்தல் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, மோகனூரில் எங்கள் வாழைத்தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் இந்த நாமக்கல் வக்கீல். பத்து மைலுக்கு ஓர் ஆஸ்பத்திரி, காசு வாங்காமல் மருந்து, எல்லோருக்கும் அம்மை குத்துவது என்று அவர் பேசினார். இன்னொருவர் சின்ன ஜமீன்தார் மாதிரி வரி வசூலித்துவந்த மிட்டாதார். நாட்டு வைத்தியர்களுக்கு மாதச் சம்பளம், விருப்பமில்லாதவர் கையில் ஊசி படாது என்று அவர் பேசினார். முந்தின வருஷம்தான் பெரியம்மை எங்கள் வட்டாரத்தில் வீடு வீடாகப் புகுந்து போயிருந்தது. அதனால் ஜனங்கள் இரண்டு பேச்சையும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

மோகனூருக்கு நாலு மைல் மேற்கே ஒரு சிற்றூர். வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஓட்டு இருந்த காலம் என்பதால், அங்கே மொத்தமே பதினொரு ஓட்டு. பதினொன்றும் நாச்சிமுத்து என்ற பெரிய விவசாயி கை காட்டுகிற பக்கம்தான் விழும். அந்த நாச்சிமுத்துவின் மகள் பாவாயியைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நடந்ததே தவிர, அவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை, அவர்களும் என்னைப் பார்த்ததில்லை.

“காலையில் போய் ஊரைக் கூட்டி வை. உச்சிக்குள் நான் காரில் வந்துவிடுகிறேன்” என்றார் வக்கீல். என் அப்பாவுக்கு வேறு கவலை.

“அங்க போயி மரமாட்டம் நிக்காத. ரெண்டு வார்த்த பேசு. பொண்ணு ஊட்டுக்காரங்க பாப்பாங்கல்ல?”

மாப்பிள்ளைக் களை வேண்டுமே என்று வக்கீல் குமாஸ்தாவின் காக்கிக் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். நோட்டீஸ் வைக்க ஒரு தோல் பை. வெயிலுக்கு ஒரு குடை. ஏறிப் போக ஒரு சைக்கிள். இத்தனை அலங்காரத்தோடு மணியடித்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தேன்.

கிணற்றடியில் நின்ற பெண் என்னைப் பார்த்ததும் குடத்தைப் போட்டுவிட்டாள்.

“வந்துட்டானுங்கோ! அம்ம குத்தறவன் வந்துட்டானுங்கோ!”

காக்கிக் கோட்டு, தோல் பை, குடை, சைக்கிள். சர்க்கார் சார்பில் அம்மை குத்த வருகிறவருக்கு அந்த நாளில் இதேதான் உடுப்பு. அது என் புத்தியில் உறைப்பதற்குள் ஊரே கிளம்பிவிட்டது. பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். அவர்களை முந்திக்கொண்டு ஆண்கள் ஓடினார்கள். அறுப்புக்கு நின்ற சோளக்காடு அத்தனை பேரையும் விழுங்கிவிட்டு அசையாமல் நின்றது. தெருவில் மிஞ்சியது நானும் இரண்டு நாய்களும்தான்.

உண்மையைச் சொல்லிக் கூட்டி வரலாம் என்று நானும் காட்டுக்குள் நுழைந்தேன். (நுழைந்திருக்கக் கூடாது.) பத்தடி தாண்டியதும் மீசை வைத்த ஓர் ஆசாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு இடது கையை நீட்டினார்.

“ஒரே குத்தாக் குத்திட்டுப் போயிருங்க சாமி. பின்னால என்ற புள்ள இருக்குது, அவள மட்டும் உட்டுருங்க.”

அவருக்குப் பின்னால் சோளத்தட்டுகளுக்கு நடுவே இரண்டு பெரிய கண்கள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தன. நான் பேச வாயெடுத்தேன். வழக்கம்போல் நாக்கு ஒட்டிக்கொண்டது. என்ன சொல்வதென்று தெரியாமல் பையைத் திறந்து ஒரு நோட்டீஸை எடுத்தேன். பை திறந்த சத்தத்துக்கே அவர் “ஐயோ” என்று அலறிவிட்டார். நல்லவேளையாக வக்கீலின் கார் ஹாரன் கேட்டது.

வக்கீல் கூவிக் கூவி அழைத்த பிறகுதான் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், தலையெல்லாம் சோளப்பூவோடு. மீசைக்காரர் முன்னால் வந்து நின்றார். “வாங்க நாச்சிமுத்து” என்று வக்கீல் கும்பிட்டபோது எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

நாச்சிமுத்து நேராக விஷயத்துக்கு வந்தார். “ஆஸ்பத்திரி கட்டுங்க, மருந்து குடுங்க, வேண்டாங்கல. இந்தக் குத்தறது மட்டும் வேண்டாமுங்க. மிட்டாதாரு குத்தறதில்லைன்னு சொல்லிப்போட்டாருங்க.”

“சரி, குத்தவில்லை” என்று வக்கீல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதினொரு ஓட்டும் அந்த இடத்திலேயே அவருக்கு விழுந்திருக்கும். அவர் சொல்லவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி நாலு தழும்பைக் காட்டினார்.

“போன வருஷம் எங்கள் தெருவில் எட்டு வீட்டில் அம்மை. எனக்கு ஒன்றும் இல்லை, இதனால்தான். இதோ, இந்தத் தம்பியையும் பாருங்கள். தம்பி, கையைக் காட்டு.”

நான் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“கூச்சப்படுகிறான்” என்று சிரித்துக்கொண்டே வக்கீலே கோட்டை இழுத்துச் சட்டைக் கையை ஏற்றிவிட்டார். என் கை வாழைத்தண்டு மாதிரி வழவழவென்று இருந்தது. பொட்டுத் தழும்பு கிடையாது.

குடத்தைப் போட்ட பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். “ஏஞ்சாமி, உங்கூர்ல எந்தச் சோளக்காடு?”

அன்று முழுவதும் நான் பேசிய ஒரே வாக்கியம் அப்போதுதான் வெளியே வந்தது.

“கரும்புக்காடுங்க.”

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. (அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றால் என் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு காவிரிக்கரைக் கரும்புக்குள் புகுந்துவிடுவாள். இருட்டும்வரை கரும்பு தின்றுகொண்டிருப்போம்.) கூட்டத்தில் ஒருவர், “அட, மோகனூர் வாழத்தோட்டத்துப் பையனல்ல? நம்ம பாவாயிக்குப் பேசற மாப்ள!” என்று அடையாளம் கண்டுபிடித்துவிட்டார். சிரிப்பு இரண்டு மடங்கானது. அந்தப் பெரிய கண்களும் சிரித்தன.

நாச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப ஒண்ணு பண்ணலாமுங்க. மொதல்ல மாப்ளைக்குக் குத்துங்க. இவருக்கு ஒண்ணும் ஆவலீன்னா, எங்க ஓட்டு பூரா உங்களுக்குத்தான்.”

ஓட்டுப் போட இன்னும் பத்து நாள். மறுநாளே எனக்குக் குத்தினார்கள். அம்மா, அம்மை கண்ட வீட்டு வழக்கப்படி, அம்மனே வீட்டுக்கு வந்துவிட்டதாக எண்ணி, வாசலில் வேப்பங்கொத்துச் செருகி, தாளிப்பை நிறுத்திவிட்டாள். வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியார் நுழையக் கூடாது. ஆகவே அந்தப் பதினொரு பேரும் தினமும் வந்து எங்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்பார்கள். நான் கம்பி வழியாக இடது கையை நீட்ட வேண்டும். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

“நேத்தைக்கு இன்னைக்கு வீங்கியிருக்குதுங்களே.”

“தண்ணி கோத்துருச்சு. ஆளு தேறுமா?”

“கை போச்சுன்னாலும் தோட்டத்துல காவலுக்கு ஆவாரு, உடுங்க.”

கையும் அவர்களை ஏமாற்றவில்லை. நாளுக்கு நாள் வீங்கி, ஓட்டுப் போடும் நாளன்று சுரைக்காய் ஆகிவிட்டது. காய்ச்சல் வேறு. பதினொரு பேரும் கடைசியாக ஒருமுறை பார்த்தார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மிட்டாதாருக்கு ஓட்டுப் போடப் போனார்கள்.

வக்கீல் தோற்றுப்போனார். தோற்ற மறுநாள் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றவர், தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “கை எப்படி இருக்கிறது தம்பி?” என்று மட்டும் கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பொருக்கு உதிர்ந்தது. நாச்சிமுத்து வந்து தழும்பைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். “அட, இவ்வளவுதானுங்களா?” என்றார். திரும்பிப் போகும்போது அம்மை குத்துகிறவரைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார். அன்று சோளக்காட்டுப் பக்கம் யாரும் ஓடவில்லையாம். முதல் ஆளாகக் கையை நீட்டியது பாவாயியாம். வைகாசியில் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று.

அந்தப் பக்கத்துக்கு ஆஸ்பத்திரி வந்து சேர இன்னும் பல வருஷம் ஆனது. அதற்கும் பாவாயி என்னைத்தான் குற்றம் சொல்வாள். “உங்க கை ரெண்டு வாரம் முந்தி ஆறியிருந்தா வக்கீலய்யா செயிச்சிருப்பாரு. ஆஸ்பத்திரி அப்பவே வந்திருக்கும்.” வக்கீல் தோற்றது பதினொரு ஓட்டில் அல்ல, ஆயிரக்கணக்கான ஓட்டில் என்று நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். என் வீட்டில் யாரும் அதை நம்புவதாக இல்லை.

போன தேர்தலுக்கு வேட்பாளர் ஒருவர் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வந்தார். அவர் எதிரிலேயே என் மூத்த மகன் கேட்டான்: “அப்பா, கை எப்படி இருக்குதுங்க? வீக்கம் ஏதும் இல்லையே?”

சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். நாலு பேர் நடுவில் நான் கூச்சப்படாமல் செய்கிற காரியம் இன்றுவரை அது ஒன்றுதான்.