ஃபெம்கே கையில் ஸ்டாப்வாட்ச்

பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தால் எந்த ஆண்பிள்ளைக்குத்தான் கைகால் ஓடும்? அது 'பீப்' என்றது. வீபேயின் கதை அத்தோடு முடிந்தது.

"பரவாயில்லை," என்றாள் ஃபெம்கே.

அந்தப் 'பரவாயில்லை'யை வீட்டைவிட்டு ஒழிக்கத்தான் அவன் ஸ்வோலே நகரில் நடந்த மருந்து ஆராய்ச்சியில் பேர் கொடுத்திருந்தான். சீக்கிரமே முடிந்துவிடுகிற ஆண்களுக்கான மாத்திரை. எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று மனைவிதான் அளக்க வேண்டுமாம். நர்ஸ் ஹெர்மீனா கொடுத்த பையில் ஸ்டாப்வாட்சும், அடியில் காகிதத்தில் உருளையாகச் சுற்றிய ஒரு சுருள் வெள்ளை மாத்திரையும் இருந்தன. தடவைக்கு ஒன்று வாயில் போட்டுக்கொண்டான். ஜில்லென்று இருந்தது.

"சத்தம்தான் பிரச்சினை," என்று வாட்சைக் கம்பளிக் காலுறைக்குள் திணித்தான்.

அடுத்த தடவை ஃபெம்கே காலுறைக்குள் பொத்தானைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே," என்றாள்.

"உன் கிளப் வாட்சைக் கொண்டுவா. உனக்குக் கைப்பழக்கம், சத்தமும் வராது."

ஃபெம்கே ஒரு கிளப்பில் பனிச்சறுக்குப் பந்தயப் பயிற்சியாளர். அந்த வாட்ச் கைக்கு வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"முழங்காலை மடக்கு! வளைவுல அவசரப்படாதே!"

"யாருகிட்ட பேசற நீ?"

"சாரிப்பா. பழக்கதோஷம்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "விடாதே வீபே, இன்னும் ஒரு ரவுண்டுதான்!"

ஃபெம்கே தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். வீபேக்கும் அடக்க முடியவில்லை. வாட்ச் கட்டிலுக்கடியில் உருண்டது, யாரும் அதைத் தேடவில்லை. எல்லாம் முடிந்து ஒருவழியாக எடுத்துப் பார்த்தால் பன்னிரண்டு நிமிடம். ஃபெம்கே அன்று 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை.

வீபேக்கு மாத்திரையை விட மனசில்லை. ஆனால் பொய்க் கணக்கு என்று ஆராய்ச்சியிலிருந்து விலக்கிவிட்டால்? மாதம் முடிந்து போனபோது ஹெர்மீனாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"பன்னிரண்டு நிமிஷத்துல பாதி சிரிப்புங்க. ஆனா மாத்திரை அற்புதம். தயவுசெஞ்சு இன்னொரு சுருள் குடுங்க."

"மாத்திரையா? முதல் மாசம் வெறும் நேரம் அளக்கறது மட்டும்தான். மருந்தே இன்னிக்குத்தான் தர்றதா இருந்தோம்."

வீபே காலிச் சுருளை நீட்டினான். அதைப் பார்த்ததும் ஹெர்மீனாவின் முகம் சிவந்தது.

"இது உங்க பைக்குள்ளயா போச்சு? என்னோட பெப்பர்மின்ட்டுங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல போதகர் பிரசங்கம் முடியற வரைக்கும் தாங்கறதுக்கு வாங்கி வச்சது."